ஜீரோ காட்டிய மீட்டர்

ஒரு சின்னக் கோடு. நான் முதலில் கவனித்தது அதைத்தான். அந்தக் கோட்டின் கதையைச் சொல்லவே இந்த மேடையில் ஏறி நிற்கிறேன்.

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பயிற்சிக்கூடத் தலைவி அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை இன்று முதன்முதலாகத் தொடப்போகும் அக்கா தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்!

என்ன அக்கா, கேட்கவில்லையா? இதோ, மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். பள்ளியிலும் வாய் திறக்காதவள் நான். அந்தப் பள்ளியையும் பாதியில் விட்டவள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணியும் நானும் இதே கூடத்தில்தான் மின்சாதனங்களைப் பழுதுபார்க்கப் பழகுகிறோம். ஒருநாள் எங்கள் வீட்டு மேசை மின்விசிறி நின்றுபோனது. அண்ணி அடிமூடியைக் கழற்றி, பிளக் சுவரில் இருக்கும்போதே மீட்டரின் இரண்டு முனைகளையும் உள்ளே வைத்துப் பார்த்தார். திரையில் ஜீரோ!

"பாத்தியா, கரண்டே வரல. இதுக்குப் போயி உங்கண்ணன் புது ஃபேன் வாங்கணும்ங்கறாரு!" என்று சிரித்தபடியே, தளர்ந்திருந்த கம்பியைப் பிடிக்க வெறும் விரலை நீட்டினார்.

அப்போதுதான் கவனித்தேன், எதை அளப்பது என்று தேர்ந்தெடுக்கும் மீட்டரின் குமிழ் நேர்கோட்டுப் பக்கம் நின்றது. நேர்கோடு பேட்டரிக்கு, வீட்டு மின்சாரத்துக்கு அலைக்கோடு. மீட்டர் பொய் சொன்னதா? இல்லை தாய்மார்களே, நாம் கேட்ட கேள்விதான் தப்பு!

கத்த நினைத்தேன். குரல் வரவில்லை. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏய், என்னடி பண்ற? நான்தான் பாத்துட்டேன்ல!"

"அண்ணி... அலைக்கோட்டுல வெச்சுப் பாருங்க அண்ணி."

குமிழைத் திருப்பினார். கையை எடுத்த பிறகு பிளக்கைச் செருகினேன். முனைகளை வைத்ததும் எண்கள் இருநூறைத் தாண்டின. அண்ணி தன் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இவ்ளோ தெரிஞ்சவ வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

பிளக்கை மறுபடி எடுத்துவிட்டு அந்தக் கம்பியை இறுக்கினோம். விசிறி சுழன்றது. மறுநாளே இந்த மேடைக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். அதோ, பலமாகக் கைதட்டுகிறாரே, அவரேதான்!

மின்சாரம் பயந்தவளைப் பார்த்துப் பதுங்குமா? படித்தவளைப் பார்த்துப் பணியுமா? அளக்கும் முன் குமிழைப் பாருங்கள். ஜீரோவைக் கண்டதும் நம்பிவிடாதீர்கள். மின்சாரம் வருகிறது என்று நன்றாகத் தெரிந்த இடத்தில் மீட்டரைச் சோதித்துக்கொள்ளுங்கள். முனையின் உலோகத்தை விரல் தொட வேண்டாம். எதைத் தொடும் முன்னும் பிளக்கை எடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் சத்தமாகச் சொல்லுங்கள். குரல் வராவிட்டால் என்னைப்போல ஓடுங்கள்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! சுட்டுக்கொள்ளாத இந்த விரல்களால் எத்தனை விசிறிகளைச் சுழற்றப்போகிறோம்! எத்தனை விளக்குகளை ஒளிர வைக்கப்போகிறோம்! சுவர் மின்சாரத்துக்குப் போக அவசரம் எதற்கு? ஒரு சின்ன பேட்டரியில் தொடங்குவோம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பிடித்துத் தள்ளி மேடையேற்றிய அண்ணிக்கும் நன்றி, வணக்கம். முதல் மேசை அம்மா, பேட்டரியை எடுங்கள். இதோ இறங்கி வருகிறேன்.