மஞ்சள் வரிகள்

வெள்ளவத்தையில் பஸ் ஏறி என் முன் சீற்றில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள், மடியில் லப்டொப்பைத் திறந்ததும் சொன்னாள்: "அக்கா, இதில மஞ்சள் எல்லாம் செத்த ஆக்கள்."

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"ஆர் மஞ்சள் அடிச்சது?" என்று மூத்தவர் கேட்டார்.

"ஆஸ்பத்திரி நேர்ஸ்மார். வீட்டுக்குப் போன நோயாளியளுக்குக் கோல் எடுத்து, என்ன குறை எண்டு கேக்கிறவை. ஆள் செத்திட்டாரெண்டு வீட்டில சொன்னா எக்செல்லில அந்த வரிக்கு மஞ்சள் அடிச்சுவிடுவினம். ஆனா எங்கட சொஃப்ட்வெயருக்கு நிறம் தெரியாது. நம்பர் மட்டும்தான் தெரியும்."

"அவையின்ர வரியில எத்தினை குறை எண்டு நம்பர் கிடக்கு?"

"வெறுமையாக் கிடந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பவேணும் எண்டு சொன்னனீங்கள்தானே, சைபர் போட்டனான்."

"அப்ப செத்தவைக்கு ஒரு குறையும் இல்லை."

"இல்லை அக்கா. உயிரோட இருக்கிறவைதான் குறை சொல்லினம். டொக்டர் வரேல்லையாம், கக்கூஸில தண்ணி இல்லையாம்."

"அதுதான் இந்த வருஷம் ரிசல்ட் இவ்வளவு திறமா வந்ததோ?"

"ஓம். மஞ்சள் ஆக்களை எடுத்தா, போன வருஷத்தைவிட மோசம்."

அறிக்கை நாளைக்கு ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் மேசையில் இருக்க வேண்டுமாம். பஸ் பம்பலப்பிட்டிக்கு வந்தது. மூத்தவர் லப்டொப்பை மெல்லத் தன் பக்கம் திருப்பினார்.

"ஆக்களை எடுக்க வேண்டாம், தங்கச்சி. மஞ்சளை மட்டும் எடுத்துவிடும்."