பொட்டு வைத்த பெட்டிகள்

வில்லரே என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் டை கட்டிய இரண்டு பேர். சுற்றி யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியம் போலும். ஒருவர் உரக்கவே சொன்னார்:

"ஒரு வருஷமா அந்த பேங்குக்குக் காவலே இல்லடா."

"என்னடா சொல்றே? திருட்டு அலாரம் நீ டிசைன் பண்ணினதுதானே?"

"ஆமா. அலாரத்தை அணைக்க எவன் அதோட பெட்டி மூடியைத் திறந்தாலும் போலீஸுக்கு மணி அடிக்கணும். அதுக்குன்னே மூடிக்கு அடியில ஒரு ஸ்விட்ச். இன்னிக்கு செக் பண்ணத் திறந்தேன். சத்தமே இல்ல. பழைய பஸ் டிக்கெட்டை மடிச்சு ஸ்விட்சை அமுக்கி வச்சிருக்கு!"

"ஐயோ! எந்தத் திருடன்டா?"

"டிக்கெட்ல குங்குமம் ஒட்டியிருக்குடா."

மற்றவர் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"நான்தான். போன ஆயுத பூஜைக்கு ஒர்க்‌ஷாப்ல பெட்டிக்குள்ள பொட்டு வைக்கறப்போ அலறக் கூடாதேன்னு சொருகினேன். எடுக்க மறந்துட்டேன். அப்படியே கொண்டுபோய் மாட்டியாச்சு."

"அடப்பாவி! அன்னிக்கு எத்தனை பெட்டிக்குப் பொட்டு வச்சே?"

அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து, மறு கைக்குப் போனார்.