சேஷன் தொப்பை

— நிஜமாவா சொல்றேள்? உங்க ஆபீஸ் சேஷனா? தொப்பையை எடுத்துக்கவா டாக்டர்கிட்டப் போனார்?

— அவனேதான், அக்கவுண்ட்ஸ் சேஷன். நீ பாட்டுக்குப் பட்டாணியை உரிச்சுண்டே கேளு வத்சலா. தை மாசம் அவன் பொண்ணுக்குக் கல்யாணம். கன்னிகாதானத்துக்குச் சட்டையில்லாம உட்காரணும், பொண்ணை மடியில வச்சுக்கணும், எதிர்த்தாப்பல வீடியோக்காரன் லைட்டைப் போட்டுண்டு நிப்பான். இந்தத் தொப்பைக்கு மேல பொண்ணு எங்கேடா உட்காருவான்னு அவனுக்கே கவலை வந்துடுத்து.

— சிரிக்காதேங்கோ, பாவம். அந்த வீடியோ பண்ற அக்கிரமம் எனக்குன்னா தெரியும். பெரியவ கல்யாணத்துல நான் மடிசாரோட குனிஞ்சு தாம்பாளத்தை எடுக்கறேன், அந்தப் பாவி பக்கவாட்டுலேர்ந்து பிடிச்சு வச்சிருக்கான். கேசட்டைப் போட்டுப் பார்க்கறச்சே, "வத்சலாவுக்கு இன்னும் ஒண்ணு வரப்போறதா"ன்னு உங்க மன்னி கேட்டா. கூடம் பூரா சிரிச்சுது. நீங்களும் சிரிச்சேள்.

— சிரிச்சேன். தப்புதான்.

— அன்னிலேர்ந்து அந்த கேசட்டைப் போட்டாலே நான் உள்ள போயிடறேன். இப்போ சின்னவ கல்யாணமும் தைல. மறுபடி அதே மடிசார், அதே லைட்டு. நினைச்சாலே தூக்கம் வரதில்லை. சரி, அதை விடுங்கோ. டாக்டர் எங்கே இருக்காராம்?

— சௌத் எக்ஸ்டென்ஷன்ல.

— மார்க்கெட்டுக்குப் பின்னாலயா?

— ஆமாம், உனக்கு எப்படித் தெரியும்?

— சும்மா கேட்டேன். மேல சொல்லுங்கோ.

— ஒரு சர்தார்ஜி டாக்டர். சீமையில கத்துண்டு வந்திருக்காராம். சின்னதா ஒரு துளை போட்டு, குழாயைச் சொருகி, கொழுப்பை உறிஞ்சி எடுத்துடறாளாம். நம்ம சேஷன் இன்னிக்கு அரை நாள் லீவைப் போட்டுட்டுக் கிளம்பிட்டான். பஸ்ஸுல மூச்சை இழுத்துப் பிடிச்சுண்டு, தொப்பை போனா எப்படி இருப்பேன்னு ஜன்னல் கண்ணாடியில பார்த்துண்டே போனானாம். பின்னாடி உட்கார்ந்திருந்த கிழவர், "பேட்டா, உடம்பு சரியில்லையா"ன்னு எழுந்து சீட்டுக் குடுத்தாராம்.

— கர்மம். அப்புறம்?

— அங்கே போனா எல்லாம் பணக்காரப் பொம்மனாட்டிகள். இவன் ஒருத்தன்தான் டிபன் டப்பாவும் கையுமா உட்கார்ந்திருக்கான். உள்ள போனதும் டாக்டர் சட்டையைத் தூக்கச் சொன்னார். வயித்துத் தோலை ரெண்டு விரலால கிள்ளித் தூக்கிட்டு விட்டார், எத்தனை ஜல்தி திரும்பிப் போறதுன்னு பார்த்தார். படுக்க வச்சுக் கிள்ளினார், நிக்க வச்சுக் கிள்ளினார். சேஷனுக்கோ கூச்சம் தாங்கலை, நெளியறான். கடைசியில கையை அலம்பிண்டு, "கொழுப்பை நான் எடுத்துடுவேன் பாய்சாப், தோலை என்னால சுருங்க வைக்க முடியாது"ன்னுட்டார்.

— தோலா? அது தானா சுருங்கிக்காதோ?

— இருபத்தஞ்சு வயசுன்னா சுருங்கிக்குமாம். அம்பதை நெருங்கினா தோலுக்கு அந்த இழுப்பு போயிடறதாம். உள்ள இருக்கறதை எடுத்துட்டா, குளிருக்குப் போத்திக்கற ரஜாயிலேர்ந்து பஞ்சை உருவின மாதிரி தொங்குமாம். அதை வெட்டித் தைக்க இன்னொரு பெரிய ஆபரேஷன் பண்ணணும். இந்த இடுப்புலேர்ந்து அந்த இடுப்பு வரைக்கும் தழும்பு இருக்கும்.

— தேகப்பயிற்சி பண்ணினா இறுகாதோ? எண்ணெய் கிண்ணெய் தடவினா?

— தசை இறுகுமாம், தோல் சொன்ன பேச்சு கேக்காதாம். மூணு பிரசவம் ஆன வயிறுன்னா இன்னும் கஷ்டம்னார். வெள்ளை வெள்ளையாக் கோடு விழுந்திருக்கோல்லியோ, அங்கெல்லாம் தோல் உள்ளுக்குள்ளயே விட்டுப் போயிருக்குமாம். அதுவும் தை மாசத்துக்குள்ள வீக்கம் வத்தி, ஆபரேஷன் ஆனதும் வயித்துல கட்டற பட்டையைக் கழட்டறதுக்கே நாள் போறாதுன்னார்.

— அப்படியா சொன்னார்.

— ஏன் கை நின்னுடுத்து?

— ஒண்ணுமில்லை. சேஷனை நினைச்சேன். எத்தனை ஆசையோட போயிருப்பார். வெளியில வரச்சே அழுகையா வந்திருக்கும்.

— அதான் இல்லை. அப்பாடான்னு இருந்துதாம். கத்தி வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டார் பாரு, அந்த சந்தோஷத்துல கோல் மார்க்கெட்ல இறங்கி, நின்னுண்டே நாலு ஜிலேபி சாப்பிட்டானாம்.

— அவருக்கென்ன, ஆம்பளை, சாப்பிடுவார். இருங்கோ. சேஷன் வயித்தைக் கிள்ளிண்டிருக்கற டாக்டர், மூணு பிரசவத்தைப் பத்தி எதுக்குப் பேசணும்?

— கேட்டதுக்குச் சொன்னார்.

— யார் கேட்டா?

— நான்தான்.

— நீங்க எங்கே அங்கே போனேள்?

— சேஷன் போகலை வத்சலா. காஸ் புக் பண்ண, ஸ்கூலுக்குன்னு எல்லா ஃபாரத்துலயும் என் ஆபீஸ் போன் நம்பரையே எழுதி உனக்குக் கை பழகிப் போச்சு. போன வாரம் அந்த டாக்டர்கிட்டப் பேர் குடுக்கறச்சேயும் அதையே எழுதியிருக்கே. வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்டை இன்னிக்கு மாத்தியிருக்குன்னு முந்தாநாள் அங்கேர்ந்து நர்ஸ் என் மேஜைக்குத்தான் போன் பண்ணினா. அன்னிக்கு எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சவன் நான். உன்னை அங்கேயும் ஒருத்தர் கிள்ளிப் பார்த்து உதட்டைப் பிதுக்கறதை நினைச்சுப் பார்க்க முடியலை. உனக்கு இன்னும் வேணும்னா சேர்ந்தே போலாம், நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா இன்னிக்கு "வத்சலா ராஜாராமன்"னு அந்த நர்ஸ் உரக்கக் கூப்பிட்டப்போ, அத்தனை பொம்மனாட்டிகளும் பார்க்க, நான் எழுந்து உள்ள போனேன்.