லைட்டுக்கு நின்ற பிள்ளை

திருமுல்லைவாயில் விழாவில் கேக் பைனாப்பிளா ஸ்ட்ராபெரியா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. நேற்று நீங்கள் கேட்டபோது பைனாப்பிள் என்று சொல்லிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அது அதற்கு முந்தைய வாரம் திருவேற்காட்டில் நடந்த விழாவாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. எல்லாப் பிறந்தநாட்களும் எனக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அதனால் நான் சொல்வதில் சில தவறாக இருக்கலாம். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் தவறு இருக்காது, மேடம்.

அம்பத்தூரில் குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களை ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். எனக்குச் சத்தம் பிடிக்காது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு புத்தகம் படிப்பேன். பின்பக்கத்தில் சத்தம் கொஞ்சம் குறைவு.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் பலூன் வளைவு கட்டி விளக்கெல்லாம் வைத்த பிறகு, பிறந்தநாள் குழந்தை நிற்கப்போகும் இடத்தில் வேறொரு குழந்தையை நிறுத்தி வெளிச்சம் பார்ப்பார்கள். பிறந்தநாள் குழந்தையையே நிறுத்தினால் அது களைத்துப்போய்க் கேக் வெட்டும்போது அழும். லைட்டுக்கு நிற்க என் மகள் ஜீவாவை அழைத்துப் போவேன். ஐந்து வயது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. விழா உடையும் எப்போதும் இரண்டாக வாங்குவோம், ஜூஸ் கொட்டிக்கொள்ளாத குழந்தை கிடையாது என்பதால்.

ஜீவா பேசுவாள். எழுந்ததிலிருந்து தூங்கும்வரை பேசுவாள். பல்லிக்குக் கை வலிக்காதா என்பாள். வலிக்காது என்றால், வலித்தால் யாரிடம் சொல்லும் என்பாள். அவள் அப்பா மனோகரன் குவைத்தில் இருந்தார். வாரம் ஒருமுறை போனில் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். வாரம் ஒருமுறை என்றால் எனக்கும் சிரிப்பு வரும்.

திருமுல்லைவாயில் விழாவுக்கு வருகிறேன். ஜெகதீஷும் நிவேதிதாவும் கோயம்புத்தூர்க்காரர்கள். இருவருக்கும் சாஃப்ட்வேர் வேலை. அடுக்குமாடியில் வீடு, கீழ்த்தளத்தில் விழா. அவர்களுடைய மகள் கவிப்பிரியாவுக்கு அன்று ஐந்து வயது முடிந்தது. பட்டாம்பூச்சி விழா என்பதால், வந்த குழந்தைகளின் முகத்திலெல்லாம் இறக்கை வரைந்திருந்தோம். என்னிடம் வேலை செய்யும் பாபு கரடி வேஷத்தில் வந்தான். பட்டாம்பூச்சிக்கு நடுவில் கரடி எதற்கு என்று கேட்காதீர்கள். எங்களிடம் இருப்பது கரடி உடைதான். முதுகில் இறக்கை கட்டியிருந்தோம்.

கரடியைப் பார்த்ததும் கவிப்பிரியா கேக் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. யார் கூப்பிட்டும் வரவில்லை.

நிவேதிதா என்னைத் தனியே அழைத்தார். "ஏனுங்க எழில், இவ எப்பவுமே இப்படித்தானுங்க. வாயே தொறக்க மாட்டா. இவ பெரியப்பா ஊர்ல இருந்து வந்திருக்காரு, இவளக் கைக்கொழந்தையாப் பார்த்ததுதானுங்க. புள்ளைக்கு ஏதோ கொறைன்னு போயிச் சொல்லிருவாருங்க."

லைட்டுக்கு நிற்கும் குழந்தை தயாராக இருக்கிறாள், உடையும் இருக்கிறது, முகத்தில் வரைந்துவிட்டால் பெரியப்பாவுக்குத் தெரியாது என்றேன்.

ஜெகதீஷ் கொஞ்சம் யோசித்தார். "கேக் வெட்டற வரைக்கும்தானுங்களே?"

"கேக் வெட்டற வரைக்கும்தான் சார்."

ஜீவா கேக் வெட்டினாள். பெரியப்பாவுக்கு ஊட்டினாள். கரடியோடு ஆடினாள். நிவேதிதா அப்படிச் சிரித்து அந்த வீட்டு ஆட்கள் பார்த்ததே இல்லையாம். நான் மேசை விரிப்பைத் தூக்கிக்கொண்டு கவிப்பிரியா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேலே எல்லோரும் அவள் பெயரைச் சொல்லி வாழ்த்திப் பாடினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒருவரோடு அப்படி உட்கார்ந்திருப்பதற்காக நான் எத்தனையோ வருடம் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

விழா முடிந்தும் உறவினர்கள் நகரவில்லை. அவர்கள் அந்த வீட்டிலேயே தங்குவதாக ஏற்பாடு. அவர்கள் கண்ணெதிரே குழந்தையை மாற்ற முடியாது. ஜெகதீஷ் ஜீவாவைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். அவள் தூங்கிவிட்டாள் என்று முதல் விசாரணையில் சொல்லியிருந்தேன். அது சரியல்ல. விழித்துத்தான் இருந்தாள். தோளுக்கு மேலிருந்து என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் இறங்கி வந்திருப்பாள். நான் கை அசைத்தேன். அவளும் அசைத்தாள். கதவு மூடிக்கொண்டது.

கவிப்பிரியாவை வேனில் ஏற்றும்போது பாபு பார்த்துவிட்டான்.

"இன்னாக்கா, நம்ம பாப்பா அவுங்க ஊட்டுக்குப் போயிகினு கீது. நீ இத்த இட்டுகினு எங்க போற?"

"விருந்தாளிங்க இருக்காங்க பாபு. காலையில மாத்திக்கலாம்."

"மாத்திக்கறதுக்கு இது இன்னா சேராக்கா? வாடகை சேர் மாறிப்போனா கூட கடைக்காரன் ஊட்டுக்கே வந்து கத்துவான்."

"உனக்குக் கரடி வேலை மட்டும்தான்" என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை நிவேதிதா போன் செய்தார். நான் செருப்பைக்கூட மாட்டியிருந்தேன். "ரெண்டு இட்லி அவளே எடுத்துச் சாப்பிட்டாளுங்க. பெரியப்பாவுக்குக் கதையெல்லாம் சொல்றா. அவரு ஞாயித்துக்கெழம கெளம்பறாருங்க. அது வரைக்கும் இருக்கட்டுங்களா?" தன் மகள் சாப்பிட்டாளா என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். பின்னாலிருந்து ஜெகதீஷின் குரல் கேட்டது. "தடுப்பூசியெல்லாம் போட்டாச்சான்னு கேளு." போட்டாச்சு என்றேன். செருப்பைக் கழற்றினேன்.

பெரியப்பா போனதும் சித்தி வந்தார். பிறகு ஜெகதீஷின் அலுவலக நண்பர்கள். வாடிக்கையாளர் கேட்டதை இல்லையென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒருநாள் ஜீவாவே போனில் வந்தாள். "அம்மா, எப்ப வருவ?" என்றாள். "பார்ட்டி இன்னும் முடியலடா" என்றேன். "சரிம்மா" என்றாள். தொழில் தெரிந்த குழந்தை. மனோகரன் கூப்பிட்டபோதெல்லாம் தூங்குகிறாள் என்று சொன்னேன்.

கவிப்பிரியாவை நான் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். நான் படிப்பேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மதியம் முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். எங்கள் இருவருக்கும் அது பிடித்திருந்தது. காலையில் அவள் தலையணை ஈரமாக இருக்கும். அம்பத்தூரில் அப்போது கடும் புழுக்கம்.

மூன்றாவது வாரம் அதே அடுக்குமாடியில் ரேஷ்மா என்பவருடைய மகனுக்குப் பிறந்தநாள். கவிப்பிரியா விழாவின் புகைப்பட ஆல்பத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார். கவிப்பிரியாவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். அவள் சத்தம் போடமாட்டாள் என்பதால் பயமில்லை.

ஜீவா நிவேதிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. சிரித்தாள், புகைப்படத்துக்குச் சிரிப்பதுபோல. பிறகு கரடியிடம் போய் அதன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"பாபு மாமா, பார்ட்டி எப்ப முடியும்? எனக்குக் கன்னமெல்லாம் வலிக்குது."

பாபு கரடித் தலையைக் கழற்றினான்.

விழா நடக்கும்போது வேஷத்தின் தலையைக் கழற்றக் கூடாது. வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். கரடிக்குள்ளிருந்து மீசை வைத்த மனிதர் வந்தால் குழந்தைகள் என்ன ஆவார்கள். அங்கிருந்த அத்தனை குழந்தைகளும் ஒரே நேரத்தில் அலறின. அந்தச் சத்தத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. உங்களிடம் அதைப் பற்றித்தான் முதலில் புகார் கொடுக்க நினைத்தேன்.

பாபு கரடி உடம்போடு மண்டியிட்டு அவளைத் தூக்கினான். "முடிஞ்சிச்சுடா கண்ணு. இன்னியோட முடிஞ்சிச்சு. நீ சிரிக்காத." கரடிக் கையால் எண்களை அழுத்த முடியாமல், ரேஷ்மாவிடம் கொடுத்துத்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டான்.

நான் யாரையும் கடத்தவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரு குழந்தை இருந்தது. எண்ணிக்கை எங்கும் குறையவில்லை. அவரவருக்குப் பிடித்த குழந்தை அவரவரிடம் இருந்தது என்பதைத் தவிர வேறு என்ன நடந்துவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்களைப் பற்றியும் சொல்லச் சொன்னீர்கள். பாபு இப்போது பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஜெகதீஷும் நிவேதிதாவும் வழக்கு நடக்கும்போதே கோயம்புத்தூருக்கே போய்விட்டார்கள். போவதற்கு முன் ஆல்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கவிப்பிரியா அங்கே அவளுடைய பெரியப்பா வீட்டில் வளர்கிறாள். அறைக் கதவை மூடினால் அலறுகிறாளாம். என்னிடம் இருந்தவரை அப்படி இல்லை. மனோகரன் குவைத் வேலையை விட்டுவிட்டு வந்து, ஜீவாவோடு பட்டாபிராமில் இருக்கிறார். அவர் என்னோடு பேசுவதில்லை. ஜீவா யாரோடும் பேசுவதில்லை, கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டுகிறாள் என்று நேற்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அவளை என்னிடம் அனுப்பிவிடுங்கள், மேடம். இப்போது எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகும்.