ஐந்தாவது சீட்டு

– அஞ்சு பேரு ஒரே விஷயத்த எழுதினா மாத்தித்தான் ஆவணும் அனிதாக்கா. அது நான் வெச்ச ரூல் இல்ல. சிதம்பரத்துல ஞானசேகரன் சார் வெச்சது. பசங்களுக்கு அவரு போடுற புத்தகம் எல்லாமே இப்படித்தான் வருது. எழுதினவங்க பேர மறைச்சிட்டு அனுப்புவாரு, நம்ம சர்ச்சு பங்கு நூலகத்துல ஒம்பது புள்ளைங்க படிச்சிட்டு ஆளுக்கு ஒரு சீட்டு எழுதும். மாத்த மாட்டேன்னா புத்தகம் வராது.

– இப்ப எத்தினி சீட்டு மிஸ் அப்படி?

– நாலு. உங்க கதையப் பத்தி நாலுலயும் ஒண்ணேதான். 'அந்த அம்மா மொத அத்தியாயத்துலயே செத்துரணும்.'

– செத்துரணும்னேவா எழுதியிருக்குதுங்க?

– புள்ளைங்க அப்படித்தாங்க்கா எழுதும், மனசுல வெச்சிக்காதீங்க. மத்த நாலும் வேற வேற. ஜெபஸ்டின் மேப் வேணுங்கறான், இலக்கியா லவ் பத்தலங்கறா. மிச்சம் உங்க பொண்ணு சீட்டுதான். பஸ்ல எழுதிக்கிறேன்னு வெறும் சீட்ட வாங்கி வெச்சிருக்கா. எழுதி உள்ள போட்டு அவளே கவர ஒட்டி சார் கையில குடுக்கணும்.

– நான் எழுதினதுன்னு அவளுக்குத் தெரியாதே?

– நான் மூச்சு விடல. கம்பெனி கேட் பாஸ் பின்னாடி நீங்க எழுதிக் குடுத்தத நானேதானே ராவும் பகலுமா டைப் அடிச்சேன். உடம்பு விஷயமும் சொல்லல. ஆனா நீங்க சொல்லணுங்க்கா. எத்தினி நாளைக்கு அல்சர்னே சொல்லுவீங்க?

– காலாண்டு பரீட்சை முடியட்டும் மிஸ். கிறிஸ்மஸ் பாப்பேனான்னு டாக்டரக் கேட்டேன். 'பாப்போம்மா'ன்னுட்டு அடுத்த டோக்கன கூப்ட்டுட்டாரு.

– அக்கா...

– அழாதீங்க, பஸ் ஸ்டாண்டுல எல்லாம் பாக்கறாங்க. எனக்கு ஒண்ணுதான் மிஸ். அந்தப் புத்தகத்துல அந்த அம்மா கடைசி பக்கம் வரைக்கும் இருக்கணும். நான் இல்லாதப்ப அவ எடுத்துப் பிரிச்சா அதுலயாவது ஒரு அம்மா இருக்கணும். பிப்ரவரில ரிப்போர்ட் வந்த அன்னிக்கி ஆரம்பிச்சது, அதுக்குத்தான் எழுதினதே. இன்னொண்ணு எழுத எனக்கு ஏது நாளு?

– தோ, தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்துட்டா. கண்ணத் தொடைங்க.

– மிஸ், கவர நான் பத்திரமா குடுத்துடறேன். ம்மா, ஏறு ஏறு, ஜன்னல் சீட்டு எனக்கு.

– ஒக்காரு. பைய மடியில வெச்சிக்கோ பெலி. சத்யா மிஸ்ஸுக்கு டாட்டா சொல்லு.

– சொல்லிட்டேன். நீ எதுக்கும்மா இப்ப கூட வர்ற? தனியா போயிட்டு வந்துடுவேன் இல்ல.

– எனக்கு சிதம்பரத்துல அல்சர் மாத்திரை வாங்கணும். அப்படியே உன்னையும் பாத்துக்கினு வரலாம்னு.

– ம். கவரையே பாத்துக்கினு வர்ற.

– சும்மாதான். நீ என்னா எழுதப்போற சீட்டுல?

– யோசிக்கிறேன். சீரியஸா சொல்றேம்மா, இந்த ஃபேன்டசி எழுதறவங்க எல்லாம் ஒரே எடத்துல ட்யூஷன் போயிருப்பாங்களோன்னு இருக்குது. இங்கிலீஷ்ல ஒரு முப்பது படிச்சிருப்பேன். பதினாறு வயசுப் பொண்ணு, ஒரு மச்சம் இருக்கும். ஒரு தாடிக்காரர் வந்து நீதான் அந்த ஆளுன்னுவாரு. ரெண்டு பசங்க. ஒருத்தன் சிரிச்சிக்கினே இருப்பான், இன்னொருத்தன் சிரிக்கவே மாட்டான். சிரிக்காதவனத்தான் அவ லவ் பண்ணுவா. தமிழ்ல எழுதினா இன்னும் மோசம், பூதம்கூட பட்டிமன்றத்துல பேசற மாதிரி பேசும். ஆனா எல்லாத்துலயும் ஒண்ணு மட்டும் கரெக்டா இருக்கும்.

– என்னாது?

– அம்மா செத்துருக்கும். பத்தாம் பக்கம் தாண்டாது.

– ஏன், அம்மா இருந்தா என்னா கெட்டுப்போவுது?

– கதையே நடக்காதும்மா. சாயந்தரம் ஆறு மணிக்கு மேல எங்கடி போறன்னு கேக்கும். கத்திய எடுத்தா கீழ வெய்யின்னும். அப்புறம் எங்கேருந்து பூதத்தக் கொல்றது? ட்ராகன் மேல ஏறினா ஸ்வெட்டர் எடுத்துக்கினு பின்னாடியே ஓடியாரும்.

– ஓடியாந்தா நல்லதுதானே. குளுரும் இல்ல மேல.

– பாரு, நீயே சொல்ற. தோ, உன் கம்பெனி வந்துட்டுது. ஜன்னல மூடறேன், இந்த சிப்காட் வாசனைய நீ எப்படித்தான் பதினோரு வருஷமா தாங்குறியோ. இன்னிக்கி கேட்டுல உன் சேர்ல யாரு?

– சாமிக்கண்ணு அண்ணன் பாத்துக்கறேன்னாரு.

– அவரு லாரி நம்பரயே தப்பா எழுதுவாருன்னு சொல்லுவியே. இந்தக் கதைலயும் ஒரு கேட்டு வருதும்மா. கிள்ளைக்கு அந்தாண்ட சுரபுன்னைக் காடு. ஒவ்வொரு வாட்டி தண்ணி ஏறி எறங்கறப்பயும் உள்ள இருக்கிற வழி எல்லாம் எடம் மாறிடும். அந்தக் காட்டு வாசல்ல ஒரு அம்மா நோட்டு வெச்சிக்கினு ஒக்காந்திருக்குது. பூதமா இருந்தாலும் பேயா இருந்தாலும் பேரு, ஊரு, உள்ள போற நேரம் சொன்னாத்தான் விடும். ராஜாவையே கையெழுத்துப் போட வைக்குது. அதோட பொண்ணுதான் தாழை, அவதான் ஹீரோயின்.

– பரவால்லியே. கற்பனை நல்லாத்தானே இருக்குது.

– செமயா இருக்குது. யாரு எழுதினாங்களோ, கேட்டுல ஒக்காந்து வேல பாத்தவங்களாத்தான் இருக்கணும்.

– ஊருல எத்தினியோ கேட்டு இருக்குது.

– நான் ஒண்ணும் சொல்லலியே.

– தண்ணி குடு. நீ எந்தப் பக்கத்துல நிறுத்தின? அதயும் எழுதணுமாமே சீட்டுல, உண்மைய எழுதணும்னு மிஸ் சொன்னாங்க.

– நூத்திப் பன்னெண்டு.

– மொக்கையா இருந்துதா?

– மொக்க இல்ல. முடியல.

– என்னா வருது அந்தப் பக்கத்துல?

– கோட்டைக்குள்ள சண்ட நடக்குது. நடுவுல அந்தம்மா தாழைய ஒக்கார வெச்சி தல வாரி விடுது. பின்னலுக்குள்ள சிக்கு இருக்குது பாரு, அத இழுக்காம கையாலயே பிரிச்சி எடுக்குது. ஒரு பக்கம் ஃபுல்லா அதான். அதுக்கு மேல படிக்கல.

– அது உனக்குப் புடிக்கலியா?

– புடிச்சதுன்னு நான் எழுதினா மட்டும் ஆச்சா? ஒவ்வொரு தடவையும் இப்படித்தாம்மா வருது. படகு கவுறப்போவுதுன்னா கயித்தோட வந்துடுது. தாழைக்குப் பசின்னா டிபன் பாக்ஸோட வந்துடுது, பூதத்துக்கும் ரெண்டு இட்லி குடுக்குது. எங்க குரூப் இளவரசு அதப் படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். தாழை ஒண்ணயும் தனியா செய்யல.

– அது வேணும்னேதான் அப்படி இருக்கும். மத்த கதையில எல்லாம் செத்துப்போவுது, ஒண்ணுலயாவது இருக்கட்டும்னு நெனச்சிருப்பாங்க. நீ முப்பது படிச்சிருக்க, எல்லாத்துலயும் அம்மா இல்ல. இது ஒண்ணுலதான் இருக்குது. அதயும் வேணான்னா எப்படி?

– உனக்கு என்னாம்மா இவ்வளோ இது? யாரோ எழுதினது.

– எழுதினவங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கும் இல்ல. அவுங்க எதுக்காக எழுதினாங்களோ, யாருக்காக எழுதினாங்களோ. ஒரு சின்ன சீட்டுல கோடு போட்டு நீ அத சாவடிச்சிட்டுப் போயிடுவ.

– அப்ப திருத்தி எழுதட்டும்.

– திருத்தறது அவ்வளோ லேசா?

– லேசு இல்ல. அதான் சீக்கிரம் ஆரம்பிக்கணும். இன்னிக்கே சொன்னா மழைக்கு முன்னாடி ஆரம்பிச்சிடலாம்.

– எங்க வந்திருக்குது? புதுச்சத்திரமா?

– தாண்டிட்டுது. முகம் ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? வயித்த வலிக்குதா?

– அல்சர்தான். காலைல வெறும் வயித்துல டீ குடிச்சேன் இல்ல, அது. சரியாப் போயிடும்.

– என் தோள்ல சாஞ்சிக்கோ.

– நீ எழுது. எறங்கறதுக்குள்ள எழுதணும் இல்ல. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் பெலி, கேப்பியா? நான் உங்கிட்ட எதுவும் பெருசா கேட்டதில்ல. இந்த ஒரு தடவ, எனக்காக, அந்த அம்மாவ விட்டுடு. மேப் வேணும்னு எழுது. லவ் வேணும்னு எழுது, நான் எதுவும் கேக்க மாட்டேன். அந்த அம்மா இருந்துட்டுப் போவட்டும்.

– ரூல் என்னான்னா மனசுல பட்டதத்தான் எழுதணும். யாருக்காகவும் எழுதக்கூடாது.

– ரூல் எனக்கும் தெரியும். பதினோரு வருஷமா ரூல்லதான் ஒக்காந்திருக்கேன். தெரிஞ்ச ஆளா இருந்தா பாஸ் இல்லாமகூட விடறதுண்டு.

– ம்மா, பஸ்ஸு ஆடுது. பேச்சுக் குடுக்காத, எழுத்து கோணிக்கும்.

– பி. முட்லூர் வந்துட்டுது.

– எழுதிட்டேன்.

– எத எழுதின?

– காட்டக்கூடாது.

– காட்ட வேணாம். ஆமாவா இல்லியா, அத மட்டும் சொல்லு. அந்த அம்மா இருக்குதா?

– இல்ல.

– இல்லியா?

– மொத அத்தியாயத்துலயே செத்துரணும்னு எழுதியிருக்கேன்.

– பெலி, கவர ஒட்டாத. ஒரு நிமிஷம். உனக்குத் தெரியாது, ஏற்கெனவே நாலு சீட்டு அப்படி இருக்குது. நீ அஞ்சாவது. நீ போட்டா முடிஞ்சிட்டுது, அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

– தெரியும்.

– எப்படித் தெரியும்? சீட்டத்தான் யாரும் யாருக்கும் காட்டக்கூடாதே.

– அந்த நாலு பேரையும் நான்தான் எழுதச் சொன்னேன்.

– நீயா?

– அதுங்களுக்கு அந்த அம்மாவ அவ்வளோ புடிச்சிருந்துதும்மா. இளவரசு சிரிச்சான்னு சொன்னேன் இல்ல, அவன் அந்த இட்லிய ரெண்டு வாட்டி படிச்சி சிரிச்சான். எங்கம்மாவும் இப்படித்தான்டின்னான். அவன்கிட்டயே கெஞ்சினேன். ஒவ்வொருத்தர் வூட்டுக்கும் போயி கெஞ்சினேன். இலக்கியா, ஜெபஸ்டின், இன்னும் ரெண்டு பேருதான் கேக்கல, ஜெபஸ்டின் எங்கூட ஒரு வாரமா பேசறதில்ல. மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா என்ன குரூப்ல வெச்சிருக்க மாட்டாங்க.

– ஏண்டி? அந்த அம்மா உன்ன என்னாடி பண்ணுச்சி? நாலு பேரு வூட்டு வாசல்ல போயி நின்னு சாவடிக்கற அளவுக்கு?

– அழாத. கண்டக்டர் பாக்கறாரு.

– பாக்கட்டும். நீ சொல்லு.

– ஈஸ்டர் புடவைக்கு அடியில இருந்த ஆஸ்பத்திரி ஃபைல நான் ஜூன்லயே பாத்துட்டேன். கேட் பாஸையும் பாத்தேன். ஒரு பக்கம் லாரி நம்பரு, இன்னொரு பக்கம் தாழை. நீயா சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். நீ அல்சர்னே சொல்லிக்கினு இருந்த.

– ஜூன்லயேவா? ஸ்கூல் தொறந்தப்பவா? எல்லாம் தெரிஞ்சிக்கினேவா தெனமும் எங்கிட்ட மாத்திரை போட்டியான்னு கேட்டுக்கினு இருந்த?

– வேற என்னா கேக்கறது?

– அப்பாவுக்குத் தெரியுமா, உனக்குத் தெரியும்னு?

– தெரியாது. அவரு நைட் ஷிப்ட்டு முடிச்சிட்டு வந்து பாத்ரூம்ல பைப்ப தொறந்து வுட்டுட்டு அழுவாரு. நான் கேக்காத மாதிரி படுத்திருப்பேன்.

– நான் சொல்லியிருக்கணும். வாய் வரல பெலி. எத்தினியோ வாட்டி வந்து உன் பக்கத்துல ஒக்காருவேன், நீ கணக்குப் போட்டுக்கினு இருப்ப, சாப்டியான்னு கேட்டுட்டு எழுந்து போயிடுவேன்.

– தெரியும். ஒரே நாள்ல அஞ்சு வாட்டி சாப்டியான்னு கேட்ட.

– எல்லாம் தெரிஞ்சும் நீ இத எழுதினியே. நான் போனாலும் புத்தகத்துலயாவது உங்கூட இருக்கட்டும்னுதானேடி, லாரிக்கும் லாரிக்கும் நடுவுல எழுதினேன். அதுலயும் நான் இருக்கக்கூடாதா?

– வெள்ளாத்துப் பாலம் வந்துட்டுதும்மா. கவர ஒட்டணும்.

– அந்தம்மா செத்துட்டா அதுக்கப்புறம் எரநூறு பக்கம் இருக்குது. அதுக்கு மேல நான் என்னாத்த எழுதுவேன்? எனக்குக் கை வராதுடி.

– அம்மா இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்; அம்மா போனதுக்கப்புறம் தாழை எப்படித் தல வாரிக்குவா, எப்படிச் சாப்புடுவா, எப்படித் தனியா அந்தக் காட்ட தாண்டுவான்னுதான் எனக்குத் தெரியல, அந்த எரநூறு பக்கத்த நீதாம்மா எழுதிக் குடுத்துட்டுப் போவணும்.