நல்லெண்ண ஷரத்து

பதினோரு திருமணங்களை முன்னின்று நடத்தி வைத்திருக்கிறேன் ஐயா. ஒன்றில்கூட சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டதில்லை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர், அதாவது நான், பேசி முடிப்பதற்குள் சுட்ட மீன் ஆறிப்போய்விடும்.

நீங்கள் தொழிலக ஆய்வாளர். இதெல்லாம் உங்கள் படிவத்தில் இருக்காது. ஆனாலும் பட்டறைக்காரர் குராச்சியின் விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் கம்பெனி கார் இருக்கைகள் செய்கிறது. மிக்காவாப் பக்கம் எங்களுக்கு உதிரிபாகம் செய்து தருகிற பட்டறைக்காரர்கள் எங்களைத் தாய் என்றுதான் சொல்வார்கள். கொள்முதல் பிரிவுத் தலைவனான நான் அவர்கள் திருமணத்தை நடத்தி வைப்பது அவர்களுக்குப் பெருமை. எனக்கும் வசதி. கல்யாணம் செய்து வைத்தவனிடம் யாரும் முகத்தில் அடித்தாற்போல் பேச மாட்டார்கள்.

குராச்சிக்கு அப்போது மூன்று வாடிக்கையாளர்கள்: நாங்கள், ஒரு உழவுக் கருவிக் கம்பெனி, ஒரு தையல் மெஷின் கம்பெனி. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்துகிற இரும்புத் தடத்துக்கென்றே ஒரு பிரஸ் மெஷின் போடச் சொன்னேன். அதில் வேறு எதையும் அடிக்க முடியாது. பட்டறையில் இடம் போதாமல் மற்ற இரண்டு வேலைகளையும் விட்டார். விடச் சொன்னதும் நான்தான்.

"பத்து வருஷத்துக்கு வேலை உண்டுன்னு ஒரு வரி எழுதித் தந்தீங்கன்னா..." என்று இழுத்தார்.

"கடைசி ஷரத்தைப் படிச்சியாப்பா? இதுல எழுதாத எதுவா இருந்தாலும் ரெண்டு தரப்பும் நல்லெண்ணத்தோட கலந்து பேசித் தீர்த்துக்கணும்னு போட்டிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? உன் கல்யாணத்தை நடத்தி வச்சவன் நான்."

நெற்றி மேசையில் படும்படி குனிந்து நன்றி சொன்னார். எங்கள் பக்கத்து ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் அந்த ஷரத்து உண்டு. நான் அதை மனதார நம்புகிறவன். எழுதிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மெஷின் தரையில் பதிந்த பிறகு நாங்கள் அடிக்கடி கலந்து பேசினோம். முதலில் விலையைக் குறைத்தேன், பிறகு நேரத்தை. ஒரு தடத்துக்கு ஏழு விநாடி ஆகிக்கொண்டிருந்தது. கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த மெஷினில் இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தார்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அதை ஓட்டியது குராச்சியின் மனைவி கினுயே. நான் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்றேன்.

"எங்க கல்யாணத்துல முக்கால் மணி நேரம் பேசினீங்க சார். இப்ப அரை விநாடிக்குக் கடிகாரத்தைத் தூக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று கினுயே சிரித்தாள்.

நல்ல பெண். எனக்கு அவளைப் பிடிக்கும். நானும் சிரித்தேன். "ஒரு கை சும்மா இருந்தா அடுத்த தகட்டை வச்சிடலாம், இல்ல?" என்று பொதுவாகச் சொன்னேன். அடுத்த முறை போனபோது இடது பொத்தானை நாடா போட்டு அழுத்திக் கட்டியிருந்தார்கள். ஐந்து விநாடி. கட்டச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை, தேடிப் பாருங்கள். பார்த்தேன், பாராட்டினேன். அடுத்த மாதம் நாலரை கேட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு குராச்சி ஃபோன் செய்தார். எனக்குத்தான் முதலில். தாய்க் கம்பெனிக்குத் தெரியாமல் பட்டறைக்கு ஆம்புலன்ஸ் வருவது மரியாதை இல்லை என்பது அவர்கள் பழக்கம்.

"சார், கினுயே கை பிரஸ்ல மாட்டிடுச்சு. இடது கை, முழங்கை வரைக்கும். ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டுக்கலாமா சார்?"

கேட்டார் என்பதைக் கவனியுங்கள். ஆம்புலன்ஸ் நிற்கும் தீயணைப்பு நிலையம் அவர் பட்டறையிலிருந்து ஐந்து நிமிடம்.

"கொஞ்சம் பொறுத்துக்கோப்பா. சைரன் கேட்டா பின்னாலயே ஆய்வாளர் வந்து மெஷினுக்கு சீல் வச்சிடுவார். துணியால இறுக்கிக் கட்டு. நான் கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரிங்க சார்" என்றார்.

உடனே கிளம்பவில்லை. திங்கட்கிழமை எங்கள் உற்பத்தி நிற்கக் கூடாது. குராச்சியின் பிரஸ் அச்சு வரைபடங்களை இரண்டு வருடங்களுக்கு முன்பே நகலெடுத்து இன்னொரு பட்டறைக்குக் கொடுத்து வைத்திருந்தேன். அவர்களிடம் பேசி முடிக்க இருபது நிமிடம். வழியில் இருபத்தைந்து. போய்ச் சேர்ந்தபோது குராச்சி அவளை மடியில் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கினுயேவுக்கு உயிர் இல்லை.

சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். நான் மறுக்கவில்லை. பொத்தானைக் கட்ட வைத்தது நான். ஆம்புலன்ஸை வரவிடாமல் செய்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் எங்கள் உறவைத் தவறாக நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவளைத் தகனம் செய்துவிட்டு வெளியே வந்தபோது குராச்சி எல்லோர் முன்னிலும் என் காலடியில் குனிந்தார்.

"வெள்ளிக்கிழமை சரக்கு அனுப்ப முடியாமப் போச்சு சார். மன்னிச்சிடுங்க."

நான் மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.