கடல்நாய் இருக்கிற பக்கம்

— நிலக்சி, அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடு பிள்ளை. மற்றதெல்லாம் அப்பிடியே அச்சுக்குப் போகட்டும். விளங்குதோ?

— மன்னிக்கவேணும் கோணேஸ் அங்கிள். நான் தமிழாக்கினது மட்டும்தான். கதை மியாலியின்ரை. அவவைக் கேக்காமல் ஒரு வரியும் தூக்கேலாது.

— அந்த வடதுருவத்து இனுயிட் மனிசிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமே? கதையிலை வாற சின்னப்பிள்ளை கடல்நாய் இறைச்சியைப் பச்சையாத் தின்னுற இடம் மட்டும்தானே. ஒரு அப்பிளைக் கடிச்சாள் எண்டு போடன்.

— அந்தப் பனிக்குள்ளை அப்பிள் மரமோ அங்கிள்? படத்திலை வேறை வாயெல்லாம் ரத்தம்!

— படத்தையும் மாத்துவம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கெண்டுதானே புத்தகம் போடுறன். இந்த அஜின்கோர்ட் பக்கத்துத் தமிழ்த் தாய்தேப்பன்மார் என்னைக் கிழிச்சுப்போடுவினம். விளங்குதோ?

— ஏன், எங்கடை சனம் ஆட்டு ரத்தத்தை வறுத்துத் தின்னுறேல்லையோ?

— அது சமைச்சது பிள்ளை!

— அங்கிள், மியாலியை ஏழு வயசிலை அரசாங்கத்து ஆக்கள் பிளேனிலை ஏத்திக்கொண்டுபோய் போர்டிங் பள்ளிக்கூடத்திலை விட்டவங்கள். சொந்தப் பாசை கதைச்சா அடி. பச்சை இறைச்சி மிருகம் தின்னுறது எண்டு சொல்லிச் சொல்லியே வளத்தவங்கள். லீவுக்கு வீட்டை போகேக்கை அம்மா ஆசையா வெட்டிக் குடுத்த துண்டை அவ துப்பிப்போட்டா. அம்மா குனிஞ்சு அதைப் பொறுக்கினவவாம். அந்த வெக்கத்திலைதான் அவ பிள்ளையளுக்கு எழுதவே தொடங்கினவ.

— பாவம்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை.

— பாவம் பாக்கச் சொல்லி அவ கேக்கேல்லை. டவுன்ரவுனிலை ஒரு பெரிய பதிப்பகமும் இதே பக்கத்தைத்தான் வெட்டச் சொன்னது. கையெழுத்து வைக்காமல் எழும்பி வந்திட்டா. எங்கடை பிள்ளையள் தின்னுறதை ஒளிச்சு வைச்சுத்தான் புத்தகம் வரவேணுமெண்டா, அந்தப் புத்தகமே எனக்கு வேண்டாம் எண்டு முகத்துக்கு நேரை சொன்னவ. நானும் அதைத்தான் சொல்லுறன்.

— அப்ப நீயும் எழும்பிப் போகப்போறியோ?

— ஓம். அந்தப் பக்கம் இல்லையெண்டா என்ரை தமிழும் இல்லை.

— எட, எனக்கென்ன பிள்ளை, நான் வெளியிலை போனா எல்லாம் தின்னுற ஆள். இது உன்ரை அன்ரிக்காக. முப்பது வருசமா மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் தொடாத மனிசி. வகுப்பிலை அவதானே வாசிச்சுக் காட்டவேணும்? வாயிலை வருமோ அவவுக்கு? பரிமளம்! மேலை நிக்கிறீரோ? இஞ்சை ஒருக்கா வாரும். நீரே இவவுக்குச் சொல்லும்!

— கத்தாதேங்கோ. படியிலைதான் நிக்கிறன். எல்லாம் கேட்டது.

— அன்ரி, நீங்கள் வாசிச்சனீங்களோ?

— ரெண்டுதரம் வாசிச்சன் நிலக்சி. அந்தப் பக்கத்திலை வந்து நிண்டு அழுதன்.

— பாத்தியே! அருவருத்து அழுதிருக்கிறா. நான் சொன்னனெல்லே?

— இஞ்சருங்கோ, என்ரை பேரைச் சொல்லி அதிலை ஒரு எழுத்தும் வெட்டக்கூடாது. நான் மச்சத்தை விட்டது விரதத்துக்கில்லை. முந்தி டோர்செட் பார்க் வீட்டிலை இருக்கேக்கை பக்கத்து வீட்டுக்காரி மணக்குதெண்டு வந்து கத்தின அண்டைக்கு, நான் பொரிச்ச கருவாட்டைச் சட்டியோடை குப்பையிலை எறிஞ்சுபோட்டு, இனி உந்தச் சாமான் இந்த வீட்டுக்கை வரக்கூடாதெண்டு சொன்னது நீங்கள்.